பழசு வந்தால் புதுசு

பூட்டு என்று அவருக்குப் பெயர் வைத்தது தொழிற்சாலையில் யாரோ ஒரு ஃபிட்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அந்த அட்டையையும் அவர் உறைக்குள் உறை போட்டு வைத்திருந்ததால் யாரும் அதைப் படித்ததில்லை.

தண்ணீர் பம்பு செய்கிற தொழிற்சாலை அது. அங்கே உதிரிபாகக் கிடங்குக்கு அவர் பொறுப்பு. ஒரே ஒரு நட்டு வேண்டுமென்றாலும், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அவருடைய கம்பிவலை ஜன்னலுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். சீட்டில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கையை நீட்டி, "பழசு எங்க?" என்பார். தேய்ந்த பேரிங், உடைந்த போல்ட், அறுந்த பெல்ட், எதுவானாலும் பழசு முதலில் அவர் கைக்கு வர வேண்டும். அதைப் புரட்டிப் பார்த்து, நிஜமாகவே செத்துவிட்டதா என்று மேஜையில் தட்டிப் பார்த்து, பெண்ணை வழியனுப்புகிற முகத்தோடு உள்ளே போய்ப் புதுசை எடுத்து வருவார். "இன்னும் ஒரு மாசம் ஓடும் போலிருக்கே" என்று அவர் திருப்பி அனுப்பிய சாமான்களும் உண்டு. அவற்றில் இரண்டு மறுநாளே வேலைக்கு நடுவில் உடைந்தன. அதற்கு அவர் என்ன செய்வார்? சீட்டு அவரிடம் பத்திரமாக இருந்தது.

கிடங்கில் இப்படி ஓர் ஆள் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இந்த மனிதர் சாயங்காலம் கிடங்கைப் பூட்டியதோடு அதை விட்டுவிட்டு வருவதில்லை. சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு கிடங்கையே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார்.

இதையெல்லாம் இருபத்தாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவருடைய மனைவி. தெரு அவளை டெய்லரக்கா என்று கூப்பிட்டது. முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுச் சட்டையும் பள்ளிச் சீருடையும் தைப்பவள். அந்த மெஷின் அவளைவிட இரண்டு வயது மூத்தது. தினமும் ஓடும், வாரத்துக்கு ஒரு தடவை எண்ணெய் கேட்கும், வேறு எந்தத் தொந்தரவும் கிடையாது. ஒரு மெஷினை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

டி.வி. ரிமோட்டுக்கு அவர் பிளாஸ்டிக் உறை போட்டு, அதன் மேல் இன்னோர் உறை போட்டு, வாயை டேப்பால் ஒட்டியிருந்தார். சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் கட்டைவிரலை ஊன்றி மூன்று தடவை அமுக்க வேண்டும், அதற்குள் டி.வி.யில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தவரே ஓய்ந்துவிடுவார். ஃபிரிட்ஜைத் திறக்கும் முன் என்ன எடுக்கப் போகிறோம் என்று வெளியே நின்று முடிவு செய்துகொள்ள வேண்டும். மகள் சின்ன வயதில் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டு, "தயிர், கேரட், தண்ணி" என்று பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி சொல்லிப் பார்ப்பாள். அழைப்பு மணியின் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தார். விருந்தாளி வரப்போகிறார் என்று தெரிந்தால் மட்டும் மாட்டுவார். சொல்லாமல் வருகிறவர்கள் கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்து போவார்கள்.

அவருடைய செல்ஃபோனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஓர் உறையில், அந்த உறை ஜிப் வைத்த பையில், அந்தப் பை தோள்பையில். மணியடித்தால் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போவார். கடைசி உறைக்கு வரும்போது மணி நின்றிருக்கும். "பாரு, அவசரம்னா மறுபடி கூப்பிடுவாங்க" என்று சொல்லி எல்லாவற்றையும் மறுபடி மூடுவார். மகளுக்குப் பள்ளியில் காய்ச்சல் வந்து டீச்சர் ஒன்பது தடவை கூப்பிட்ட கதையும் இப்படி மூடிவைக்கப்பட்டதுதான்.

பரணில் பெட்டி பிரிக்காத ஒரு மிக்சி, ஓர் இஸ்திரிப் பெட்டி, இரண்டு மின்விசிறிகள் இருந்தன. கீழே ஓடுகிற மிக்சிக்குக் கைப்பிடி கிடையாது. ஜாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் அரைக்க வேண்டும். புதுசு எதற்கு என்று கேட்டால், "இது போனா அது" என்பார். பொருளைப் பயன்படுத்துவது என்றால் அவருக்கு அதைக் கொல்வது. பொத்திப் பொத்தி வைத்திருப்பதுதான் வாழ்வது. ஊருக்கு ஊர் இப்படி ஒரு பேர்வழி இருக்கிறான், அவன் வீட்டில் இருப்பவர்கள் மட்டும் அவனைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

வாஷிங் மெஷின் வந்தது மகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது. வாங்கியது அவர் இல்லை, டெய்லரக்காவின் அண்ணன்.

அண்ணன் ஒரு லாரி கம்பெனியில் மெக்கானிக். ஒரு நாள் தங்கச்சியைப் பார்க்க வந்தவர், அவள் குளியலறையில் படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். விரிப்பின் ஒரு முனையைக் குழாயில் மாட்டி, மறுமுனையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, ஒரு நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம். கிரீஸ் ஒட்டிய காக்கிச் சட்டையைப் பூட்டு தினம் ஒன்று போடுவார். கிடங்கில் வேலை செய்கிறவர் என்றால் சட்டை அழுக்காகலாம், சாமான்தான் அழுக்காகக் கூடாது. அந்தக் காக்கியைப் பிரஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வந்த வீக்கம் அது.

"என்ன கை இது?" என்றார் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே. தண்ணியில நனைஞ்சா கொஞ்சம் வீங்கும்."

"கத்திரி பிடிக்கிற கைம்மா இது." சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அடுத்த வாரம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின். வெள்ளை வெளேர் என்று. அவள் வாசலில் நின்றபடி அதைப் பார்த்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, அன்றைக்கு அழுதாள்.

மெஷினை மாட்டிக் கொடுக்கக் கடையிலிருந்து வந்த ஆளைப் பூட்டு வாசலோடு அனுப்பிவிட்டார். "நாங்களே போட்டுக்கிறோம் தம்பி. எல்லாம் நமக்குத் தெரிஞ்ச வேலைதான்." அவன் ஏதோ சொல்ல வந்தான். "புத்தகம் இருக்கில்ல? படிச்சுக்கிறேன்" என்றார். படித்தார். நாலு நாள் படித்தார். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு, மெஷினைக் கூடத்தின் மூலையில் நிறுத்தி, ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் எதையும் உரிக்காமல், மேலே ஒரு கெட்டித் துணியைப் போட்டு மூடினார். அந்த உறையைத் தைத்துக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவளேதான். அளவெடுத்து, ஓரத்தில் நாடா வைத்து. வேலை செய்யும்போது கழற்றி வைக்கத்தான் உறை என்று நினைத்துத் தைத்தாள், பாவம்.

தண்ணீர்க் குழாயோடு இணைக்கிற ரப்பர் குழாய் அவருடைய பீரோவுக்குள் போயிற்று. சாவி இடுப்பில்.

"எப்பங்க போடுறது?" என்று அவள் கேட்டாள்.

"போடலாம். இப்ப இருக்கிறது ஓடிக்கிட்டுதானே இருக்கு?"

"எது ஓடிக்கிட்டு இருக்கு?"

அவர் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு வாளி இருந்தது, ஒரு பிரஷ் இருந்தது. வேறு எதுவும் இல்லை. "பழசு நல்லா வேலை செய்யும்போது புதுசைப் பிரிக்கக் கூடாது. அது முறையில்ல" என்றார் அவர், கம்பிவலைக்குப் பின்னால் இருந்து பேசுகிற அதே குரலில்.

அவள் இன்னொரு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்பதற்குப் பதிலாக வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அது வீம்பு. வீம்பு என்று அவளுக்கும் தெரியும். என் அண்ணன் எனக்கு வாங்கிக் கொடுத்ததற்கு நான் எதற்கு இவரிடம் கெஞ்ச வேண்டும் என்ற எண்ணம். நியாயமான எண்ணம்தான். ஆனால் அந்த நியாயத்துக்கான விலையை அவளுடைய மணிக்கட்டுதான் ஏற்றுக்கொண்டது, அவர் இல்லை.

அண்ணன் மாதத்துக்கு ஒருமுறை ஃபோன் செய்வார். "மெஷின் எப்படிம்மா ஓடுது?"

"நல்லா ஓடுதுண்ணே."

"காக்கி அழுக்குப் போகுதா?"

"பளிச்சுனு போகுது."

ஒரு பொய்யைத் தையல் மாதிரி அவள் சீராகப் போட்டுக்கொண்டே போனாள். யாருக்காகப் பொய் சொன்னாள்? புருஷன் மானம் போகக் கூடாதாம். மூலையில் உறை போட்டு நிற்கிற மெஷினிடம் இருந்த மரியாதையில் பாதி அந்தப் புருஷனுக்கு அவளிடம் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை.

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் நேரில் வந்தார். வரப்போகிறார் என்று தெரிந்ததும் பூட்டுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. அழைப்பு மணிக்குப் பேட்டரி மாட்டினார். மெஷினின் உறையைக் கழற்றினார். கண்ணாடிக் கதவைத் திறந்து, மடித்து வைத்திருந்த மூன்று சுத்தமான துண்டுகளை உள்ளே வைத்து மூடினார். அண்ணன் வந்து உட்கார்ந்ததும், "பாருங்க மச்சான், உள்ள துணி கூட இருக்கு" என்று தானாகவே காட்டினார். துண்டுகள் மடித்த மடிப்பு கலையாமல் கண்ணாடி வழியாகத் தெரிந்தன. மகளுக்கு அப்போது பதினாறு வயது. வெட்கம் தாங்காமல் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அண்ணன் டீயைக் குடித்தார். எழுந்து மெஷினைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்பக்கம் குனிந்து எதையோ பார்த்தார். "ம்" என்று மட்டும் சொன்னார். போகும்போது தங்கச்சியின் கையைப் பிடித்து, வீக்கத்தின் மேல் கட்டைவிரலை வைத்து லேசாக அமுக்கிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஃபோனில் அவர் மெஷினைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்காதது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஏன் கேட்கவில்லை என்று அவள் யோசிக்கவில்லை.

வருஷங்கள் போயின. விரிப்பின் ஒரு முனையை மகள் பிடிக்க, மறுமுனையை அவள் பிடிக்க, இருவரும் எதிரெதிராக முறுக்கிப் பிழிவார்கள். அதில் ஒரு சிரிப்பாவது இருந்தது. மகள் படிப்பை முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனதும் மறுபடி குழாயில் மாட்டிப் பிழிகிற கதைதான். ஊருக்குப் போகும் முன் மகள் அப்பாவிடம் ஒருமுறை கேட்டாள். "அம்மா கைக்குன்னுதானேப்பா மாமா அதை வாங்கிக் குடுத்தாரு?"

"நான் வேணாம்னா சொன்னேன்? பழசு கெடட்டும்."

மகள் அவரையே பார்த்தாள். "பழசுன்னு யாரைச் சொல்றீங்க?" என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெஷினின் உறை மேல் தூசு தட்டிக்கொண்டிருந்தார். வாரா வாரம் தட்டுவார். கத்திரி பிடிக்கிற ஒரு கை அந்த வீட்டில் இருந்தது. அதை ஒரு நாள் தொட்டுப் பார்த்தாரா? கேட்காதீர்கள்.

ஒன்பதாவது வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சருக்கு மேல்சட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். நீலத் துணி. டீச்சர் மெஷின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். கழுத்து வளைவில் கத்திரி திரும்ப வேண்டிய இடத்தில் கட்டைவிரல் திரும்பவில்லை. வலி மின்சாரம் மாதிரி முழங்கை வரைக்கும் ஏறியது. கத்திரி கையிலிருந்து நழுவி, விழும்போது மார்புத் துணியைக் குறுக்காகக் கிழித்துக்கொண்டு போயிற்று. முப்பது வருஷத் தொழிலில் அவள் அடுத்தவர் துணியைக் கெடுத்தது அதுதான் முதல் தடவை. டீச்சர் நல்ல மனுஷி, "பரவாயில்லக்கா, விடுங்க" என்றார். அதுதான் அவளைக் கொன்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மறுநாள் டாக்டரிடம் போனாள். டாக்டர் அவள் மகள் வயதுப் பெண். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, கையைக் கீழே சாய்த்தாள். வலியில் டெய்லரக்கா துள்ளிவிட்டாள்.

"என்ன வேலைம்மா செய்யறீங்க?"

"தைக்கிறேன்."

"தையல்ல மட்டும் இவ்வளவு வராது. துணி பிழியறீங்களா?"

"ஆமா."

"தினமுமா? வீட்ல வாஷிங் மெஷின் இல்லையா?"

"இருக்கு."

"ரிப்பேரா?"

"இல்ல. புதுசு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றியது. உலகத்தில் எல்லாப் பதிலும் சொல்லிவிடலாம், இதற்கு மட்டும் என்ன சொல்வது? "ஆறு வாரம் கட்டு. அதுக்கப்புறமும் சரியாகலைன்னா கீறி விடணும்" என்றாள் டாக்டர். "தையலை இப்போதைக்கு மறந்துடுங்க. பிழியறதை எப்பவும் மறந்துடுங்க."

மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் நுனி வரைக்கும் பட்டை வைத்துக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்தபோது பூட்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஏதோ ஒரு வெற்றியில் பூரித்துப் போயிருந்தார். அவள் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தார்.

"இன்னிக்கு நூத்தி இருபது ரப்பர் வளையம். எல்லாத்தையும் ஒரே கையெழுத்துல குப்பைக்கு அனுப்பிட்டேன். மேனேஜர், 'பெட்டியே பிரிக்கலையேய்யா'ங்கிறான். நான் சொன்னேன், சார், தேதியப் பாருங்க, அஞ்சு வருஷம் தாண்டிடுச்சு. இரும்பு சும்மா இருந்தா இருக்கும். ரப்பர் சும்மா இருந்தாலே சாகும். கவர்ல இருந்தாலும் சாகும். பம்புல போட்டா ஒரே நாள்ல ஒழுகும்னேன். வாயை மூடிக்கிட்டுப் போயிட்டான்."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கி, மேஜையில், அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மரக்கட்டை வைத்தது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"என்னது?" என்றார்.

"பழசு. கொண்டாந்துட்டேன். நல்லாத் தட்டிப் பாத்துக்கோங்க. செத்துடுச்சுன்னு டாக்டர் சீட்டும் குடுத்திருக்காங்க." சீட்டையும் பக்கத்தில் வைத்தாள். "இப்பப் புதுசைக் குடுங்க."

பூட்டு சீட்டை எடுத்தார். பழக்க தோஷம், முதலில் கையெழுத்து இருக்கிறதா என்றுதான் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாஷிங் மெஷின் மெக்கானிக் வந்தான். அதற்கு முன்பே பூட்டு மெஷினின் உறையைக் கழற்றி மடித்து வைத்திருந்தார். பிளாஸ்டிக் தாளை ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல, தோல் உரிவது மாதிரி உரித்து, சுருட்டி அதையும் பத்திரப்படுத்தினார். வாரண்டி அட்டையையும் புத்தகத்தையும் ஒரு கோப்பில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது வருஷமாகக் காத்திருந்த பெரிய நாள். கிடங்கிலிருந்து ஒரு சாமான் வெளியே போகிறது. முகத்தில் ஒரு பெருந்தன்மை கூட இருந்தது.

மெக்கானிக் மெஷினை இழுத்துத் திருப்பினான். பின்பக்கத்தைப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"சார், இந்த மெஷின் எத்தனை வருஷமா ஓடுது?"

"ஏன்?"

"வண்டியில வரும்போது உள்ள இருக்கிற தொட்டி குலுங்கக் கூடாதுன்னு நாலு போல்ட் போட்டு அனுப்புவாங்க. மாட்டுற அன்னிக்கே கழட்டணும். இது நாலும் அப்படியே இருக்கு. இதோட ஒரு தடவை கூட சுத்தியிருக்க முடியாது."

அவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். நாலு போல்ட். லாரி மெக்கானிக்குக் கண்ணில் படாமல் போகுமா? அண்ணன் குனிந்து பார்த்தது அதைத்தான். ஏழு வருஷமாக அண்ணனுக்குத் தெரியும். அவள் 'பளிச்சுனு போகுது' என்று சொன்ன ஒவ்வொரு பொய்யையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அவர் அந்தக் கேள்வியையே நிறுத்தியிருக்கிறார். அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. புருஷன் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அண்ணனுக்கு முன்னால் தன் மானத்தை அவிழ்த்து வைத்திருக்கிறாள். பூட்டைப் பார்த்தாள். அவர் கோப்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் போல்ட்டுகளைக் கழற்றினான். குழாயை மாட்டினான். கதவைத் திறக்க இழுத்தபோது ரப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. உள்ளே மூன்று துண்டுகள் இருந்தன. மடிப்பு கலையாமல், விளிம்பில் மஞ்சள் பூத்துப் போய். அவற்றை எடுத்து அவன் மேஜையில் வைத்தான். துணி போட்டு, தண்ணீரைத் திறந்து, பட்டனை அமுக்கினான்.

மெஷின் ஒரு தடவை உறுமியது. வட்டக் கதவின் அடியிலிருந்து முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு ஒரு கோடாக, பிறகு குழாய் திறந்தது மாதிரி தண்ணீர் கொட்டியது. பின்பக்க ரப்பர் குழாயும் இரண்டு இடத்தில் பிளந்துகொண்டது. நிமிஷத்தில் கூடம் நனைந்தது. பூட்டு கோப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே காலைத் தூக்கினார். அட்டை நனையவில்லை. அதைக் காப்பாற்றிவிட்டார்.

மெக்கானிக் தண்ணீரை நிறுத்தி, கதவைச் சுற்றியிருந்த ரப்பரை விரலால் மடக்கினான். அது பழைய ரொட்டி மாதிரி உதிர்ந்தது.

"ரப்பர் போயிடுச்சு சார். சும்மா இருந்தாலே செத்துடும், ரப்பர் அப்படித்தான். உங்களுக்கு அது தெரிஞ்சிருக்காது."

அவள் சிரித்தாள். ஒன்பது வருஷத்துச் சிரிப்பு அது, அடக்க முடியவில்லை. கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, தண்ணீரில் நின்றபடி சிரித்தாள். மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியவில்லை, அவளைப் பார்த்துத் தானும் கொஞ்சம் சிரித்து வைத்தான். நூற்று இருபது வளையத்தை ஒரே கையெழுத்தில் குப்பைக்கு அனுப்பியவர் மட்டும் சிரிக்கவில்லை.

"ரப்பர் மட்டும் வேற மாத்தலாமில்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இந்த மாடலே இப்ப வர்றதில்ல சார். பார்ட்ஸ் கிடைக்காது. பம்பும் இறுகிக் கிடக்கு. நாள் தவறாம ஓட்டியிருந்தீங்கன்னா இன்னும் ஓடிக்கிட்டு இருந்திருக்கும்."

மெக்கானிக் போன பிறகு பூட்டு வெகுநேரம் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்காக இரக்கப்பட வேண்டும் என்று அவள் முயற்சி செய்து பார்த்தாள். வரவில்லை. தரைத்துணியை எடுத்து வந்து, இடது கையால், அவர் காலடியில் போட்டாள். "தொடைங்க" என்றாள். "பிழிஞ்சு பிழிஞ்சு தொடைங்க. எனக்குக் கை ஆகாது."

அன்றைக்குத் தொடங்கியது. கூடத்தைத் துடைத்த கையோடு, ஊறிக்கொண்டிருந்த துணியையும் அவரே துவைக்க வேண்டியிருந்தது. தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் குளியலறையில் குந்தி உட்கார்ந்து, தன் காக்கியைத் தானே பிரஷ் போட்டுத் தேய்த்தார். முதல் வாரம் சோப்புத் தண்ணீர் கண்ணில் போயிற்று. இரண்டாவது வாரம் விரிப்பு. எப்படிப் பிழிவது என்று தெரியாமல் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவருக்கு, வாசற்படியில் நின்று, "ஒரு முனையக் குழாயில மாட்டுங்க" என்று அவள் சொல்லிக் கொடுத்தாள். மூன்றாவது வாரத்திலிருந்து காக்கிச் சட்டை அவ்வளவாக அழுக்காவதில்லை. இருபத்தாறு வருஷம் கிடங்கில் கிரீஸ் தானாக வந்து ஒட்டியது என்றுதானே எல்லோரும் நினைத்திருந்தோம்!

ஆறு வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்தார்கள். கீற வேண்டியதில்லை என்றாள் டாக்டர். ஆனால் கட்டைவிரல் பழையபடி முழுசாக மடங்கவில்லை, இனி மடங்கப் போவதும் இல்லை. கனமான கத்திரியை எடுத்து வைத்துவிட்டு லேசான கத்திரி ஒன்றுக்குப் பழகிக்கொண்டாள். முன்பு ஒரு நாளில் வெட்டியதை இப்போது இரண்டு நாளில் வெட்டினாள். டீச்சருக்கு முதலில் அந்த நீலச் சட்டையைத்தான் புதுத் துணியில் தைத்துக் கொடுத்தாள். அண்ணனுக்கு அவளே ஃபோன் செய்தாள். "மெஷின் ஒரு நாள் கூட ஓடலண்ணே" என்றாள். "தெரியும்மா" என்றார் அவர். "கை எப்படி இருக்கு?"

செத்த மெஷினைத் தூக்கிப் போடப் பூட்டுக்கு மனசு வரவில்லை. மறுபடி உறையைப் போட்டு மூடப் போனார். அவள் உறையைப் பிடுங்கி, பிரித்து, தரை துடைக்கிற துணியாக வெட்டிவிட்டாள். மெஷினைத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்து, வெட்டுத்துண்டுகளையெல்லாம் அதற்குள் போட ஆரம்பித்தாள். எந்த நிறத் துண்டு வேண்டும் என்பது வட்டக் கண்ணாடி வழியாகவே தெரிந்தது.

இரண்டாவது மாதம் மகள் லீவில் வந்தாள். அப்பா குளியலறையில் குந்தியிருப்பதைப் பார்த்தாள். பிறகு முன்னறைக்கு வந்து, "அம்மா, நான் புது மெஷின் வாங்கித் தரேன். நாளைக்கே சொல்லிடறேன். மாட்டுற ஆளை நானே பக்கத்துல நின்னு மாட்ட வைக்கிறேன்" என்றாள்.

குளியலறையில் பிரஷ் சத்தம் நின்றது. பூட்டு வாசற்படிக்கு வந்தார். முழங்கை வரைக்கும் நுரை. வலது மணிக்கட்டை இடது கையால் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஓர் ஆவலை அந்த வீடு பார்த்ததே இல்லை.

"வாங்கச் சொல்லேன்" என்றார் மனைவியிடம். "வந்த அன்னிக்கே போட்டுடலாம். எனக்கும் இந்தக் கை ரெண்டு நாளா ஒரு மாதிரி வலிக்குது."

அவள் மேஜை மேல் துணியை விரித்து, சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தாள். நிதானமாக, இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"இப்ப எதுக்கும்மா?" என்றாள் மகளிடம். "பழசு நல்லா ஓடிக்கிட்டுதானே இருக்கு. அது கெடட்டும், அப்பச் சொல்றேன்."

கத்திரியை எடுத்து, கோட்டின் மேல் வைத்து, மெதுவாக வெட்ட ஆரம்பித்தாள்.